சீக்கிரம் முடியுற மருந்து

"ரெண்டுமே நல்ல மருந்துதான்" என்றார் டாக்டர். "கல்லீரல்ல இருக்கிற ஹெபடைடிஸ் சி கிருமியை ரெண்டுமே ஒழிச்சுடும். குணமாகிறதுல பெரிய வித்தியாசம் கிடையாது."

"அப்புறம் எதுக்கு டாக்டர் ரெண்டு?" மாமியார் கேட்டாள்.

"நீ சும்மா இரும்மா" என்றான் மகன். இருவருக்கும் நடுவில் மருமகள். நோய் அவளுக்குத்தான்.

"முதல் மருந்து தினம் ஒரே மாத்திரை, பன்னிரண்டு வாரம். அடுத்தது தினம் மூணு மாத்திரை, சாப்பாட்டோட. ஆனா எட்டு வாரத்துல முடிஞ்சிடும். நாங்க பெரும்பாலும் முதல் மருந்தைத்தான் கொடுக்கறோம். இதயத் துடிப்புக்குன்னு ஒரு மாத்திரை இருக்கு, அதைச் சாப்பிடுறவங்களுக்கு மட்டும் இந்த முதல் மருந்து ஆகாது. துடிப்பு திடீர்னு குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். நீங்க வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மருமகள் சாப்பிடுவது அந்த மாத்திரைதான். புகுந்த வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார்.

"இவளா? தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டா டாக்டர்" என்றான் கணவன் பெருமையாக.

"ஒண்ணும் சாப்பிடறதில்லை" என்றாள் அவளும். சொன்ன பிறகுதான் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னது உறைத்தது.

"அப்போ முதல் மருந்தே எழுதிடறேன்."

"அதெல்லாம் வேண்டாம். எட்டு வாரத்துல முடியுறதையே எழுதுங்க!" மாமியார் மேசையைத் தட்டாத குறை.

"அம்மா!"

"என்னடா அம்மா? கடையில அழுக்குத் துணி மலையாக் குவிஞ்சு கிடக்கு. நான் ஒருத்தி எத்தனைக்குத்தான் இஸ்திரி போடுறது? இவ சீக்கிரம் எழுந்து வந்தாத்தான் கடை ஓடும்."

"எந்த மருந்து சாப்பிட்டாலும் வேலை பார்க்கலாம்மா" என்றார் டாக்டர்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. சீக்கிரம் முடியுறதுதான் வேணும்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படியும் ஒரு மாமியாரா என்று நினைத்திருப்பார். ரெண்டும் சமம்தானே, இந்தம்மாவோடு எதற்கு மல்லுக்கட்டுவது என்று இரண்டாவது மருந்தையே எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மகன் வெடித்தான். "மானத்தை வாங்கிட்டியேம்மா! இவ மனுஷியா, இல்லை நம்ம கடை மெஷினா?"

"பேசினது போதும். போய் மருந்துக்கு வரிசையில நில்லு."

அவன் விறுவிறுவென்று நடந்தான்.

மருமகளுக்கு உயிர் தப்பிய நிம்மதி ஒரு பக்கம். இந்த வீட்டில் நம் மதிப்பு இவ்வளவுதானா என்ற வருத்தம் இன்னொரு பக்கம். கண் கலங்கிவிட்டது.

மகன் தலை மறைகிற வரைக்கும் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஓடு, மறுபடி உள்ளே போ. உன் இதய மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிடு. அவர்கிட்ட மட்டும் மறைக்கக்கூடாது. இவன் வந்தா நான் ஏதாவது பேசி நிறுத்தி வைக்கிறேன். உனக்கு எப்போ தைரியம் வருதோ, அப்போ நீயே இவன்கிட்ட சொல்லிக்கோ."

மருமகள் திகைத்துப் போனாள். "அத்தை... உங்களுக்கு எப்படி...?"

"நல்லாக் கேட்டே! பையைத் துழாவிப் பார்க்காம எந்தச் சலவைக்காரியாவது துணியைத் தண்ணியில போடுவாளா? நீ வந்த முதல் மாசமே உன் நைட்டிப் பையில அந்த அட்டை கிடைச்சுது. என்ன மாத்திரைன்னு மருந்துக்கடையில விசாரிச்சேன். அன்னையிலிருந்து நீ மறந்து விட்ட அட்டையையெல்லாம் நனையாம எடுத்து உன் அலமாரியில வைக்கிறது யாருன்னு நெனச்சே?"