பாதி வேகம்

எண்ணெய் விலை மறுபடி ஏறிவிட்டதால் கப்பலைப் பாதி வேகத்தில் ஓட்டும்படி கம்பெனி உத்தரவு வந்திருக்கிறது. எஞ்சின் அறையில், வியர்வையில் ஊறிய சட்டையோடு, பொறியாளர் தன் கையாலேயே நெம்புகோலைத் தாழ்த்துகிறார். மேல்தளத்தில் மலைபோல் அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்குள் மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றை வாங்கவேண்டிய ஆலைகளும் செலவு கட்டுப்படியாகாமல் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகின்றனவாம். சரக்குக்கு ஒரு அவசரமும் இல்லை. காதைப் பிளந்துகொண்டிருந்த இரைச்சல் மெல்ல முனகலாகிறது. மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்த தேநீர் அசையாமல் நிற்கிறது. இரும்புப் படிகளில் ஏறி வெளியே வந்து மனைவிக்குச் சாட்டிலைட் போன் போடுகிறார். மாலை வெயில் கடல் முழுக்கத் தகடாய்க் கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பறவைகூட இல்லை.

“பன்னண்டாம் தேதிக்குள்ள வர முடியாது போலிருக்கு. ஒரு வாரம் தள்ளிப்போகும்” என்கிறார். மறுமுனையில் அவள் குழாயை மூடும் சத்தம் கேட்கிறது. “என் ஆபரேஷனத் தள்ளிவைக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. கையெழுத்த எங்கண்ணனப் போடச் சொல்றேன். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க” என்கிறாள். பிறகு சிரிப்பதுபோலத் தொடர்கிறாள்: “கல்யாணத்தன்னிக்கே நீங்க லேட்டுதான். அப்பவும் காத்துக்கிட்டுதானே இருந்தேன்? இப்பவும் இருப்பேன்.” அதோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வெறும் கடலைப் பார்த்து, “இரு” என்கிறார்.