முதல் போடாத தொழில்

“ஏலே சங்கரபாண்டி, நீ இப்பக் குடிக்கது டீ இல்லடே. ஒன் மவ கல்யாணத்துக்குப் போட வேண்டிய சங்கிலி.”

லோடு ஆட்டோ ஓட்டும் சங்கரபாண்டி, வாயில் வைத்த கிளாஸை எடுத்து உள்ளே பார்த்தான். சங்கிலி எதுவும் தெரியவில்லை.

“ஒரு நாளைக்கு நாலு டீ, ரெண்டு வடை. அறுவது ரூவா ஆச்சா? மாசம் ஆயிரத்து எண்ணூறு. பத்து வருசம் வட்டியோட போட்டுப் பாரு, மூணு லட்சத்தத் தாண்டும்” என்றார் பூவனநாதன்.

அவர் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளை. ஒரு மாதமாகக் காலை ஆறரைக்கெல்லாம், வீட்டில் கொதிக்க வைத்த சீரகத் தண்ணீர் பாட்டிலோடு தங்கச்சாமியின் டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். எட்டரைக்குத்தான் எழுந்து வேலைக்குப் போவார். அதுவரை சேமிப்பு, உடம்பைப் பேணுவது, மனுசன் நாளுக்கு நாள் உயர்வது எப்படி என்று ஓயாத பேச்சு.

சங்கரபாண்டி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அவனும் ஒரு பாட்டிலோடு வந்து உட்கார்ந்தான்.

பாய்லருக்குப் பின்னால் நின்ற தங்கச்சாமி, எடுத்த கிளாஸைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். கழுகுமலை ரோட்டில் அவர் கடையில் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் பால் ஓடும். இப்போது அதில் எட்டு லிட்டர் மிஞ்சிப்போய், வீட்டில் மூன்று வேளையும் மோர்க்குழம்பு. கடையில் கூட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒருவன் ஓசிப் பேப்பரில் அறிவை வளர்த்தான். இன்னொருவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தான். டீ குடிக்கத்தான் ஆள் இல்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்தவர்களோ ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த நந்தகோபால் கடையில் நிம்மதியாக இரண்டு கிளாஸாகக் குடித்தார்கள்.

மகள் காவியாவுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் பதினைந்தே நாள்தான் இருந்தது. அதை நினைத்தால் தங்கச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

“எந்திரிச்சிப் போங்கன்னு சொல்ல வேண்டியதுதான?” என்றாள் வடை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மாரித்தாய்.

“எப்படிட்டி சொல்ல? பதினோரு மணிக்கு அவிய ஆபீசுக்கு முப்பது டீ போகுது. அதையும் நிப்பாட்டிட்டாருன்னா?”

“ஊருக்கெல்லாம் குடிக்காதன்னு சொல்லிட்டு, அங்கன மட்டும் குடிக்காவளாக்கும்?”

இதைத் தங்கச்சாமி ஒருநாள் நைசாகக் கேட்டும் பார்த்திருந்தார். “அது மொதலாளி காசு. நம்ம செலவுல வராது” என்று பதில் வந்தது. அந்த முப்பதில் இரண்டு டீ பூவனநாதனுக்கே என்பது டீ கொண்டுபோகிற தங்கச்சாமிக்குத் தெரியாதா?

அன்று பேச்சு இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது.

“சேமிப்பு மட்டும் பத்தாதுடே. ரெண்டாவது வருமானம் ஒண்ணு வேணும். ஒத்தச் சம்பளத்த நம்பி இருக்கவன், கரிசக்காட்டுல வெதச்சிட்டு வானத்தப் பாக்கவன் மாதிரி. பேஞ்சாத்தான் உண்டு.”

“ஒங்களுக்கு இருக்கா அண்ணாச்சி?” என்றான் சங்கரபாண்டி.

“இல்லாமயா? முதல் போடாத தொழில்” என்று சொல்லிவிட்டு ஒரு மடக்கு சீரகத் தண்ணீர் குடித்தார். என்ன தொழில் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். மனிதர் வாயைத் திறக்கவில்லை.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று தங்கச்சாமிக்கு அப்போதுதான் தோன்றியது. எட்டரை மணிக்குக் கூட்டம் கலைந்ததும், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பூவனநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, நீங்க பேசுததக் கேட்டு நானே சீனியக் கொறச்சிட்டேன்.”

“நல்லதுதான. ஒடம்புக்கும் லாபம், பைக்கும் லாபம்.”

“ஆனா இம்புட்டு நல்ல விசயத்த ஒரே எடத்துல சொல்லிக்கிட்டு இருந்தா எப்படி? எதுத்த கடையப் பாருங்க. எத்தன பேரு காசக் கரியாக்குதான்.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

தங்கச்சாமி குரலைத் தாழ்த்தினார்.

“நாளையில இருந்து அங்கன போயி உக்காருங்க. சும்மா வேண்டாம். ஒரு நாளைக்கு அம்பது ரூவா நான் தாரேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் பயம்தான். மனிதர் கோபித்துக்கொண்டால் அந்த முப்பது டீயும் போச்சு. ஆனால் பூவனநாதன் கோபப்படவில்லை. பாட்டில் மூடியை நிதானமாகத் திருகிக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே கல்லாவில் இருந்த நந்தகோபால் இவர்களைப் பார்த்துச் சிரித்த முகமாகக் கும்பிடு போட்டார்.

“அம்பதா?” என்றார் பூவனநாதன்.

“அம்பது.”

“நல்ல ரேட்டுதான். அப்ப ஒண்ணாந்தேதியில இருந்து அங்கன போயிருதேன்.”

தங்கச்சாமிக்குப் பாதி உயிர் வந்தது. மீதியையும் வரவழைக்கப் பார்த்தார்.

“நாளைக்கே போனா என்ன அண்ணாச்சி? எம்மவ ஃபீஸு நிக்குது.”

பூவனநாதனுக்கு நிஜமாகவே மனசு சங்கடப்பட்டது. தங்கச்சாமியின் தோளில் கையை வைத்தார்.

“தொழில்னா ஒரு நேர்மை வேணும்லா தங்கச்சாமி? இங்கன உக்காருததுக்கு, ஒரு நாளைக்கு நாப்பது ரூவா வீதம், இந்த மாசம் முழுசுக்கும் நந்தகோபால் முன்கூட்டியே குடுத்துட்டாரே.”