ஐஸ் ரூம் தண்டனை

வெயிலில் மீன் கூடை சுமக்கும் லிஜாவைப் பார்த்து மேனேஜர் ஜக்கரியா கத்தினார்.

“உச்சி வெயில் வந்தா போதும், கூடையோட தள்ளாட ஆரம்பிச்சிருவ. நாளையிலிருந்து ஐஸ் ரூம்ல நில்லு. அப்பதான் திருந்துவ!”

ஐஸ் ரூம் என்றாலே அந்த மீன் கம்பெனியில் எல்லோருக்கும் நடுக்கம். லிஜா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சார், அங்க மட்டும் வேண்டாம் சார்!”

“போ!”

கண்ணைத் துடைத்தபடி கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தவள், தங்கை அஜிஷாவுக்குப் போன் செய்தாள்.

“ஏட்டி, ஐஸ் ரூம் கெடச்சிட்டு! மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்னு நரம்பு நோய் இருக்குன்னு சொல்லியிருந்தா வீட்டுக்கே அனுப்பியிருப்பாரு. எனக்குச் சூட்டுலதான கால் தளருது? டாக்டர் சொன்ன மாதிரி, குளிர்ல நல்லா நிப்பேன்.”

“அப்போ இனிமே சந்தோசந்தான்!”

“எங்கட்டி? தினமும் கொஞ்சம் அழணும். சிரிச்சா திரும்ப வெயில்ல போட்டிருவாரு.”