டெல்லி செட்

“வாசல்லயே நில்லுங்க. டேப்பு விக்கிறதுக்கில்ல.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் மெர்வின் வீட்டுக் கதவைப் பரிபூரணம் பாதிதான் திறந்தாள். வெளியே நின்று டேப் கேட்டவர், பழைய மலிவு டேப் ரெக்கார்டர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்.

“யக்கா, ஒங்க மகன்தான் போட்டோ அனுப்பி வரச் சொன்னாரு.”

“அவன் யாரக் கேட்டு அனுப்புனான்?”

“கோவப்படாதீங்க. ஜப்பான் செட்டு ஊரெல்லாம் கெடக்கு. இந்த மாதிரி மலிவு டெல்லி செட்டு, அதுவும் ஒரு நாள்கூடப் பாடாம, பெட்டியோட எங்கயும் கெடையாது. எம்புட்டு கேட்டாலும் தாரேன்.”

“அம்புட்டு ஒசத்தியா?”

“தங்கம்க்கா!”

“ஒங்க பேரு?”

“தேவநேசன். ராஜபாளையம்.”

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து படியில் பொத்தென்று போட்டாள்.

ஆசையாகத் தடவிக்கொண்டே வந்த அவர் கை, பெட்டியின் பின்பக்கத்தில் நின்றது.

“ஐயையோ, பேனாவால கிறுக்கி மதிப்பையே கெடுத்துட்டானே! எந்த அறிவுகெட்ட பய பாத்த வேலக்கா இது?”

“வாசிச்சுப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

‘இந்த டெல்லி செட் எனக்கு வேண்டாம். ஜப்பான் செட் வாங்கித் தராவிட்டால் கல்யாணமும் வேண்டாம். இப்படிக்கு, மாப்பிள்ளை…’

அடியில் இருந்தது அவருடைய கையெழுத்து.

“எங்கப்பா சீருக்கு வாங்குனது ஒரு நாள்கூடப் பாடாம ஏன் இருக்குன்னு இப்பத் தெரியுதா?” என்றாள் பரிபூரணம். “பெட்டிய வச்சிட்டு எறங்குலே.”