கழுவி வைத்த டப்பா

"அஞ்சாவது படிக்கிற பொண்ணு, அம்பத்திரண்டு கிலோ! வூட்டுல அப்பிடி என்னதாம்மா போடுறீங்க?"

பெற்றோர் கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படிதான் டீச்சர் கேட்டார்.

திரௌபதி எழுந்து நின்றாள். விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் வேலை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். விரல் இடுக்கில் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

"காலையில ரெண்டு இட்லி. மதியத்துக்கு ஒரு டப்பா தயிர் சாதம். ராத்திரி கொஞ்சம் சோறு. அவ்ளோதாங்க டீச்சர்."

"பாக்கெட்டு, கூல் டிரிங்ஸு?"

"வாங்கித் தர்றதே இல்லீங்க. சத்தியமா."

சிரிப்பு எழுந்தது. கூட்டத்தின் தலைப்பு 'சரிவிகித உணவு' என்பதால் ஆளுக்கு இரண்டு சமோசாவும் ஒரு ஜாங்கிரியும் கொடுத்திருந்தார்கள். அதை மென்றுகொண்டேதான் சிரித்தார்கள்.

எடை மெஷின் பொய் சொல்லாது. ஆகவே திரௌபதிதான் பொய் சொல்லியாக வேண்டும். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது.

"காத்தக் குடிச்சா அம்பத்திரண்டு கிலோ வந்துச்சு?" என்றாள் பாரதி. அதே வகுப்பில் படிக்கும் கயல்விழியின் அம்மா. "தப்பா நெனைக்காதக்கா, எல்லாம் வளர்ப்புல இருக்குது. எம் பொண்ணுக்கும்தான் சாதம், கூட்டு, முட்டைன்னு அமுக்கி அமுக்கி வெச்சி அனுப்புறேன். பாரு, எப்பிடி சிக்குனு இருக்கா!"

"டப்பாவுல மிச்சம் வெக்க மாட்டாளா?" என்றார் டீச்சர்.

"வெச்சிடுவாளா? கழுவி வெச்ச மாதிரி வரும் டப்பா. அப்பிடி ஒரு கண்டிப்பு!"

டீச்சர் தலையாட்டிப் பாராட்டினார்.

திரௌபதி மகள் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேன்டி. எங்க போயி என்னாத்தத் தின்ற?"

கவிப்ரியா வாயைத் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

"இனிமே மதியத்துக்குச் சோறே வேணாம்மா" என்று தீர்ப்புச் சொன்னார் டீச்சர். "வெள்ளரிக்கா நறுக்கிக் குடுத்து அனுப்புங்க. ஒரு மாசம் பாப்போம்."

"வளர்ற புள்ளைங்க டீச்சர்..."

"இதுக்கு மேல வளரணுமாக்கும்?" என்றாள் பாரதி. மறுபடியும் சிரிப்பு.

மறுநாள் காலை திரௌபதி வெள்ளரிக்காய் நறுக்கும்போதே அழுதாள். தானும் கம்பெனிக்குச் சாப்பாடு எடுத்துப் போகவில்லை.

மதிய பெல் அடித்தது. வராந்தா மூலையில் தனியாக உட்கார்ந்து ஆறு துண்டு வெள்ளரிக்காயையும் தின்று முடித்தாள் கவிப்ரியா. விளையாட்டுக்கு அவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவளுக்குத் தோழிகள் உண்டு.

அன்றும் வந்தார்கள், மூன்று பேர். மூன்று டப்பாக்கள் அவள் முன்னால் திறந்தன. மூன்றிலும் பாதிக்கு மேல் சோறு இருந்தது.

"இன்னிக்கி வேணாம்டி" என்றாள் கவிப்ரியா. "எங்கம்மா அழுவுது."

கயல்விழி சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்குக் கீழே, கரண்டியின் வட்டம் அப்படியே பதிந்த பழைய சூட்டுத் தழும்பு.

"ஒரே ஒரு நாள், உனக்குக் காச்சல்னு நீ ஸ்கூலுக்கு வரலல்ல, அன்னிக்கி மிச்சம் கொண்டு போனதுக்கு எங்கம்மா வெச்சது இது. சாப்பிடுடி, ப்ளீஸ்!"