முளைத்த முடி

“இங்க தொட்டுப் பாருய்யா, முடி மொளைக்குது!” பாஞ்சாலி தலையைக் குனிந்தாள்.

சின்னராசு மனைவியின் தலையைத் தடவினான். “நாத்தங்கால் கணக்கா கீதுடி.”

“எனக்கு கேன்சரு முத்திப்போச்சு, தேறமாட்டேன்னு சொல்லிக்கினு திரிஞ்சாளே உங்கக்கா, அவள இட்டாந்து காட்டு. தை மாசம் திருத்தணில மொட்ட போடணும், வேண்டிக்கினு கீறேன்.”

“போலாம்.”

“கம்பவுண்டராண்ட சொல்லி பாட்டில் மருந்த ஜாஸ்தி ஏத்தச் சொல்லு. எவ்ளோ வலிச்சாலும் தாங்கிக்கறேன்.”

“சொல்றேன்” என்று வெளியே வந்தான்.

இனி பயனில்லை என்று சென்னை ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உத்திரமேரூர் கம்பவுண்டரிடம் கெஞ்சி அவன் ஏற்றச் சொன்னது வெறும் குளுக்கோஸ். முடியைக் கொட்டவைத்த அந்த மருந்து நின்றதால்தான் இப்போது முளைக்கிறது.