அவள் மூச்சில் ஓடிய கார்

கலியாண மண்டபத்துக்கு வெளியே, நடு மத்தியான வெயிலில் நின்ற காருக்குள் இருந்துகொண்டு, குகதாசன் அந்தக் கறுப்புக் குழாயைப் பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி யசோதினியின் முகத்துக்கு நேரே நீட்டினான். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவனுக்கு நீதிமன்றம் சொல்லிப் பூட்டிய கருவி அது. குடிக்காத மூச்சு உள்ளே போனால்தான் கார் ஸ்டார்ட் ஆகும். குடித்த மூச்சு பட்டால் சிவப்பு எரிந்து, அது பதிவாகிவிடும். ஒரு சிவப்பு விழுந்தாலும் இன்சூரன்சை வெட்டிவிடுவோம் என்று முகவர் சொன்னபோது யசோதினியும் கூடத்தான் இருந்தாள். அன்றிலிருந்து அவன் குடிக்கிற நாளெல்லாம் அவளே ஊதினாள்.

“கெதியா ஊதும். ஆக்கள் பாக்கினம்.”

அவள் பின்னால் திரும்பினாள். மகள் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். போன கிழமை கார் நடைபாதையில் ஏறியதிலிருந்து பிள்ளை அப்படித்தான் இருக்கிறாள்.

“என்ன யோசிக்கிறீர்? ஊதுமப்பா!”

யசோதினி குழாயை வாயில் வைத்து, நெஞ்சு காலியாகும்வரை ஊதினாள். சிவப்பு எரிந்தது.

குகதாசன் விளக்கைப் பார்த்தான். பிறகு, பிறந்ததிலிருந்து ஒரு சொட்டும் தொடாதவளின் வாயைப் பார்த்தான். அவன் டிக்கியில் ஒளித்துவைத்திருந்த பிராந்தி அவளிடமிருந்து மணத்தது.

“நீர்… என்ன செய்தனீர்?”

அவளுக்குத் தொண்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“இன்னொருக்கா ஊதட்டோ?” என்று கேட்டாள்.